வடம் பிடித்தவர்களும் கட்டை போட்டவர்களும்: மோசில்லா ஆவணத் தளம் விக்கியாக வாழ்ந்த பதினைந்து ஆண்டுகள்

மென்பொருள் கையேடு எழுதிப் பிழைக்கிறவர்களிடம் மேலதிகாரிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எதற்கு இத்தனை பேர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்? ஒரு விக்கியைத் திறந்துவிட்டால் எல்லோரும் சேர்ந்து எழுதிவிட மாட்டார்களா?"

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் அப்படித் திறந்தும் விட்டார்கள். முதல் மூன்று மாதம் திருவிழாதான். பொறியாளர்கள் போட்டி போட்டுக்கொண்டு பக்கங்களைச் சேர்த்தார்கள். ஆறாவது மாதத்தில் ஒரே நிறுவல் முறைக்கு இரண்டு பக்கங்கள் இருந்தன. ஒன்று புதியது, ஒன்று பழையது. எது எது என்று பக்கத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு நாள் இரவு வாடிக்கையாளர் பக்கத்துப் பொறியாளர் ஒருவர் பழைய பக்கத்தை நம்பிக் கட்டளைகளை வரிசையாக அடித்தார். மறுநாள் காலை நடந்த கூட்டத்தில் "அந்தப் பக்கத்துக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார்கள். பதினொரு பேர் அதைத் திருத்தியிருந்தார்கள், ஆனால் பொறுப்பு என்று சொல்ல ஒருவரும் இல்லை.

ஊர் கூடித் தேர் இழுப்பது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தேரோட்டத்தை அருகில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் என்றால் சக்கரத்தடியில் முட்டுக்கட்டையோடு குனிந்து ஓடுபவர்கள் நாலைந்து பேர்தான். தேர் தெருமுனையில் திரும்புவதும் நிற்பதும் அவர்கள் கையில் இருக்கிறது. பேச்சுவழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை என்று ஆகிவிட்டது, பாவம். இந்த ஆய்வு அந்த நாலைந்து பேரைப் பற்றியது. இதற்கு நான் எடுத்துக்கொள்வது, ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மோசில்லாவின் ஆவணத் தளத்தை. வலை நிரலாளர்கள் அதை எம்டிஎன் என்று அழைப்பார்கள். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் என்ற வலை மொழிகளில் எழுதும் எவரும் வாரத்தில் ஒரு முறையாவது அந்த வாசலை மிதித்திருப்பார்கள். 2005 முதல் 2020 வரை அது ஒரு விக்கி. இப்போது விக்கி அல்ல. இடையில் நடந்ததுதான் பாடம்.

அணைந்துபோன தளம்

கதை ஓர் இழப்பில் தொடங்குகிறது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உலகுக்குத் தந்த நெட்ஸ்கேப் நிறுவனம் டெவ்எட்ஜ் என்ற பெயரில் நிரலாளர்களுக்கான ஆவணத் தளம் ஒன்றை வைத்திருந்தது. அந்த மொழியின் வழிகாட்டியும் அகராதியும் அங்கேதான் இருந்தன. நெட்ஸ்கேப்பை வாங்கிய ஏஓஎல் நிறுவனம் 2004 அக்டோபரில் அந்தத் தளத்தை மூடியது. நெட்ஸ்கேப்பின் வழிவந்த ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் முதல் முழுப் பதிப்பு அந்த ஆண்டு நவம்பர் 9 அன்றுதான் வெளிவந்தது. புதிய உலாவி வாசலுக்கு வரும் வேளையில் அதன் பூர்வீக ஆவணங்கள் கொல்லைப்புறம் வழியாகக் காணாமல் போயின.

மோசில்லா அறக்கட்டளை ஏஓஎல்லிடம் பேசி, 2005 பிப்ரவரியில் டெவ்எட்ஜ் உள்ளடக்கத்தை வெளியிடவும் மாற்றவும் அதைக் கொண்டு புதியவற்றை எழுதவும் உரிமை பெற்றது. "மாற்றவும்" என்ற அந்தச் சொல் முக்கியம். வெறுமனே மறுபடி ஏற்றி வைக்க மட்டும் அனுமதி கிடைத்திருந்தால், நமக்கு இன்று ஓர் அருங்காட்சியகம் இருந்திருக்கும், அவ்வளவே. பழைய பக்கங்களை மீடியாவிக்கி மென்பொருளில் ஏற்றினார்கள். விக்கிப்பீடியா ஓடும் அதே மென்பொருள்தான். தொடக்கத்தில் திட்டத்தை நடத்தியவர் டெப் ரிச்சர்ட்சன். 2006 முதல் எழுத்துப் பணிக்குத் தலைமை ஏற்றவர் எரிக் ஷெப்பர்ட். தளத்தின் அன்றைய பெயர் மோசில்லா டெவலப்பர் சென்டர்.

விக்கி என்ற வடிவமே நிரலாளர்களுக்காகப் பிறந்தது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம். வார்ட் கன்னிங்காம் 1995 மார்ச் 25 அன்று தொடங்கிய முதல் விக்கி, மென்பொருள் வடிவமைப்பைப் பற்றி நிரலாளர்கள் தமக்குள் குறிப்பு எழுதிக்கொள்ள வைத்த இடம். ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' பஸ்ஸின் பெயரை அவர் எடுத்துக்கொண்டார். ஹவாய் மொழியில் விக்கி என்றால் விரைவு. கலைக்களஞ்சியம் எல்லாம் பின்னால் வந்தது. ஆகவே மோசில்லா விக்கியைத் தேர்ந்தது துணிச்சலான புதுமை அல்ல. அந்த ஊருக்குப் பழகிய பாதைதான்.

சக்கரத்தடியில் என்ன நடந்தது

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது தானாக வளர்வதுபோலத் தெரிந்தது. கணக்கு ஒன்று திறந்து, 'தொகு' என்பதை அழுத்தி, எழுத்துப் பிழையைத் திருத்தி, சேமித்தால் முடிந்தது. அடுத்த நொடி உலகம் முழுவதும் அந்தத் திருத்தம் தெரியும்.

உள்ளே ஓடிய இயந்திரம் வேறு. மோசில்லாவின் பொறியாளர்கள் ஒவ்வொரு பழுதையும் ஒவ்வொரு புதிய வசதியையும் பக்ஸில்லா என்ற பதிவேட்டில் எழுதிவைப்பார்கள். ஒரு மாற்றம் ஆவணத்தைப் பாதிக்கும் என்று தெரிந்தால், அந்தப் பதிவில் 'டெவ்-டாக்-நீடட்' என்று ஒரு குறிச்சொல்லை ஒட்டுவார்கள். ஆவணம் தேவை என்று பொருள். சம்பளம் வாங்கும் எழுத்தாளர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துப் பக்கங்களை எழுதி முடித்ததும் குறிச்சொல் 'டெவ்-டாக்-கம்ப்ளீட்' என்று மாறும். அந்தந்தப் பதிப்பில் நிரலாளர்களுக்கு என்ன புதிது என்று சொல்லும் பக்கத்திலும் அது இடம்பெறும்.

என் அனுபவத்தில் தொழில்நுட்ப ஆவணத் துறையின் மிகச் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்று இந்த ஒட்டுச்சீட்டு. விக்கி மென்பொருளை எந்த நிறுவனமும் ஒரு மாலைப்பொழுதில் நிறுவிவிடலாம். நிரல் எழுதுகிறவர், தான் செய்த மாற்றத்தை எழுதுகிறவரிடம் சொல்லாமல் போக முடியாது என்ற ஒழுங்கை ஒரு மாலையில் நிறுவ முடியாது. விக்கி திறந்தும் வெறிச்சோடிக் கிடக்கும் நிறுவனங்களில் நான் பார்த்த குறை பெரும்பாலும் இதுதான். எழுத இடம் இருந்தது. எதை எழுத வேண்டும் என்று தெரிவிக்கும் வழி இல்லை.

இதோடு அரட்டை அறை இருந்தது, அஞ்சல் குழு இருந்தது, வார இறுதிகளில் பங்களிப்பாளர்களை ஓர் ஊரில் கூட்டி எழுதவைக்கும் ஆவண முகாம்களும் இருந்தன. விக்கியில் முகம் தெரியாமல் சண்டையிட்டவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

மென்பொருள் மாற்றங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2008-இல் மீடியாவிக்கியை விட்டு மைண்ட்டச் நிறுவனத்தின் டெக்கி விக்கிக்கு மாறினார்கள். எழுதும்போதே பக்கம் எப்படித் தோன்றும் என்று காட்டும் திருத்தி அதில் இருந்தது. 2010-இல் தளத்தின் பெயர் மோசில்லா டெவலப்பர் நெட்வொர்க் என்று ஆனது. 2012-இல் கூமா என்ற பெயரில் மோசில்லா தானே எழுதிய விக்கிக்கு மாறினார்கள். பைதான் மொழியின் ஜாங்கோ சட்டகத்தில் எழுதப்பட்ட கூமா, மோசில்லாவின் பயனர் உதவித் தளத்தை ஓட்டிய மென்பொருளிலிருந்து கிளைத்தது. ஏழு ஆண்டுகளில் மூன்று விக்கிகள். ஒவ்வொரு முறையும் பழைய பக்கங்களின் குறிகளைப் புதிய மென்பொருளுக்குப் பெயர்க்கும் வேலை எவ்வளவு அலுப்பானது என்பதை, ஒரு முறையாவது அதைச் செய்தவர்களிடம் கேட்டால் பெருமூச்சுதான் பதிலாக வரும்.

கூகுளில் பின்வரிசை

2010 வாக்கில் எம்டிஎன்னில் நல்ல ஆவணம் இருந்தது. ஆனால் தேடினால் கிடைக்காது. ஜாவாஸ்கிரிப்ட் தொடர்பாக எதைத் தேடினாலும் முதலில் வந்து நின்றது டபிள்யூ3ஸ்கூல்ஸ் என்ற பாடத் தளம். பெயரைப் பார்த்து அதை வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தளம் என்று நம்பியவர்கள் ஏராளம். இரண்டுக்கும் தொடர்பில்லை. அன்றைய அதன் பக்கங்களில் பிழைகளும் பழைய பழக்கங்களும் நிறைய இருந்தன.

இங்கேதான் சமூக ஊடகம் கதைக்குள் வருகிறது, அதுவும் நாம் எதிர்பார்க்கும் வடிவில் அல்ல. 2010-இல் பெர்லினில் நடந்த ஜாவாஸ்கிரிப்ட் மாநாட்டையொட்டி 'புரமோட் ஜேஎஸ்' என்று ஓர் இயக்கம் தொடங்கியது. உங்கள் வலைப்பதிவில், உங்கள் தளத்தில், எம்டிஎன் பக்கத்துக்கு ஓர் இணைப்புக் கொடுங்கள் என்பது மட்டுமே கோரிக்கை. இணைப்புகள் பெருகினால் தேடுபொறி மேலே ஏற்றும். ட்விட்டர் வழியாகவும் வலைப்பதிவுகள் வழியாகவும் அது பரவியது. அடுத்து 2011 ஜனவரியில் நிரலாளர்கள் சிலர் சேர்ந்து 'டபிள்யூ3ஃபூல்ஸ்' என்ற தளத்தைத் திறந்தார்கள். டபிள்யூ3ஸ்கூல்ஸ் பக்கங்களில் உள்ள பிழைகளை வரிசைப்படுத்திக் காட்டுவதே அதன் வேலை. பெயரில் இருந்த கிண்டல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேலை நடந்தது. டபிள்யூ3ஸ்கூல்ஸ் தன் பிழைகளில் பலவற்றைத் திருத்திக்கொண்டது. டபிள்யூ3ஃபூல்ஸும் பின்னர் குரலைத் தணித்துக்கொண்டது.

சமூக ஊடகத்தை ஆவணத் துறையில் எதற்குப் பயன்படுத்தலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அந்த ஊடகத்தில் யாரும் ஆவணம் எழுதவில்லை. வாசகரை ஆவணத்துக்கு அழைத்துவந்தார்கள், பிழையைச் சத்தம் போட்டுச் சொன்னார்கள். இரண்டும் சமூக ஊடகத்துக்குக் கைவந்த கலை. எழுதியது விக்கியில், சரிபார்த்தது அதைச் சுற்றி இருந்த சிறு குழுவில். பிஎச்பி மொழியின் கையேட்டில் இதே பிரிவினையை வேறு விதமாகக் காணலாம். கையேட்டின் வாசகம் மேலே, அதைத் தொட முடியாது. பயனர் குறிப்புகள் கீழே, கோடு போட்டுப் பிரித்து. கீழே உள்ள குறிப்பு மேலுள்ளதைவிடப் பயனுள்ளதாக இருந்த நாட்களும் உண்டு, பத்தாண்டுப் பழைய தவறான ஆலோசனையாக இருந்த நாட்களும் உண்டு. எது கையேடு, எது பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது என்று குழம்பாத வரையில் பாதகமில்லை.

பக்கத்தில் விழுந்த இரண்டு தேர்கள்

ஓர் ஆய்வில் வெற்றியை மட்டும் வைத்துக்கொண்டு காரணம் சொல்வது ஜோசியம். ஒப்பிட இரண்டு தோல்விகள் கிடைக்கின்றன.

முதலாவது, வெப் பிளாட்ஃபார்ம். 2012 அக்டோபர் 8 அன்று டபிள்யூ3சி இதைத் தொடங்கியது. பின்னால் நின்றவர்களின் பட்டியலைப் பாருங்கள்: அடோபி, ஆப்பிள், ஃபேஸ்புக், கூகுள், எச்பி, மைக்ரோசாஃப்ட், மோசில்லா, நோக்கியா, ஓப்பரா. வலை உலகின் மொத்தச் சம்பந்திகளும் ஒரே பந்தலில். மென்பொருள் மீடியாவிக்கி. நோக்கம், எந்த ஒரு நிறுவனத்தையும் சாராத முழுமையான வலை ஆவணம். 2015 ஜூலை 1 அன்று கடையை மூடினார்கள்.

பணம் இல்லாததாலா? அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். என் கணிப்பு, ஒன்பது வீட்டுக்குச் சொந்தமான கிணறு ஆகிவிட்டது அது. தூர்வாருவது யார் முறை என்று தெரியவில்லை. உரிமச் சிக்கலும் இருந்தது. எம்டிஎன்னின் உரிமம், அதிலிருந்து எடுத்து எழுதுவதையும் அதே உரிமத்தில் பகிரவேண்டும் என்று கட்டுப்படுத்தும் வகை. வெப் பிளாட்ஃபார்ம் தளர்வான வகையைத் தேர்ந்தது. ஆகவே எம்டிஎன்னிலிருந்து எடுத்த பகுதிகளுக்குப் பக்கந்தோறும் தனி அறிவிப்பு ஒட்டவேண்டியிருந்தது. ஒரே பொருளைப் பற்றி இரண்டு இடங்களில் எழுத ஆள் இல்லை என்பதுதான் கடைசியில் கண்ட உண்மை.

இரண்டாவது, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஆவணத் திட்டம். நிரலாளர்களின் கேள்வி பதிலுக்கு அந்தத் தளத்தை மிஞ்ச ஒன்றும் இல்லாத காலம் அது. அதே கூட்டம், அதே மதிப்புப் புள்ளிகள், அதே வாக்களிப்பு. இவற்றை வைத்து ஆவணமும் எழுதவைத்தால் என்ன என்று 2016 ஜூலை 21 அன்று பொதுச் சோதனைக்குத் திறந்தார்கள். இலக்கணத்தைவிட எடுத்துக்காட்டுகளுக்கு முதலிடம் என்பது அதன் கொள்கை. அது நல்ல கொள்கை. ஆனால் ஓர் எடுத்துக்காட்டுக்கு வாக்குகள் விழுந்தால், அதில் கைவைத்தவர்களுக்கெல்லாம் புள்ளி போய்ச் சேர்ந்தது. விளைவு என்ன ஆகும் என்று கிராமத்துப் பாட்டிகூடச் சொல்லியிருப்பாள். எல்லோருக்கும் தெரிந்த எளிய தலைப்புகளில் கூட்டம் மொய்த்தது. காற்புள்ளியை நகர்த்திப் புள்ளி சேர்த்தார்கள், வேறு இடங்களிலிருந்து வெட்டி ஒட்டினார்கள். யாருக்கும் தெரியாத, உண்மையில் ஆவணம் தேவைப்பட்ட மூலைகள் காலியாகவே கிடந்தன. 2017 ஆகஸ்ட் 8 அன்று திட்டம் முடிந்தது.

கேள்வி பதிலில் புள்ளி முறை வேலை செய்ததற்குக் காரணம் கேள்வி கேட்டவர். அவருக்கு ஒரு வலி இருந்தது. பதில் சரியா என்று அவரே ஓட்டிப் பார்த்துச் சொன்னார். ஆவணப் பக்கத்துக்கு எதிரில் அப்படி யாரும் காத்திருப்பதில்லை. சமூக ஊடகத்தின் ஊக்க முறையை ஆவணத்துக்குக் கொண்டுவரும்போது, இந்த ஒருவர் விட்டுப்போகிறார்.

விரிசல்கள்

வென்ற எம்டிஎன்னிலும் சுவரில் விரிசல் விழுந்துகொண்டுதான் இருந்தது.

முதலில் ஸ்பேம். யார் வேண்டுமானாலும் பக்கம் படைக்கலாம், தேடுபொறியில் நல்ல இடம் உண்டு என்றால் விளம்பரத் திருடர்களுக்கு வேறு என்ன வேண்டும்? 2016-இல் விளம்பரக் குப்பையை வடிகட்ட அகிஸ்மெட் என்ற சேவையை இணைத்தார்கள். புதிதாக வந்தவர்கள் பக்கம் படைக்கும் உரிமையை எழுதிக் கேட்டுப் பெறவேண்டும் என்று ஆயிற்று. திறந்த வீட்டின் முதல் கதவு அங்கே வந்தது.

அடுத்தது மேக்ரோ. ஒரே பட்டியலை நூறு பக்கங்களில் காட்ட வேண்டுமானால், அதற்கென்று ஒரு சிறு நிரலை எழுதி ஒவ்வொரு பக்கத்திலும் அதன் பெயரை மட்டும் இடுவார்கள். கூமாவில் அந்த நிரல்களும் விக்கிக்குள்ளேயே இருந்தன. அனுமதி பெற்ற ஒருவர் அதில் ஒரு நிறுத்தற்குறியைத் தவறவிட்டால் நூறு பக்கங்களும் ஒன்றாகக் கவிழும். 2016-இல் இந்த நிரல்களை விக்கியிலிருந்து எடுத்து, நிரல்களைச் சேமித்துக் கூட்டாகத் திருத்த உதவும் கிட்ஹப் தளத்தில் வைத்தார்கள். அங்கே இரண்டாவது ஆள் பார்த்து ஒப்புதல் தராமல் எதுவும் நகராது.

எந்த வசதி எந்த உலாவியில் எந்தப் பதிப்பிலிருந்து வேலை செய்யும் என்ற அட்டவணை, எம்டிஎன் பக்கங்களின் உயிர்நாடி. அதைப் பக்கந்தோறும் கையால் எழுதிவந்தார்கள். ஒரு பக்கத்தில் திருத்தினால் இன்னொரு பக்கத்தில் பழையது நிற்கும். 2017 வாக்கில் இதையும் வெளியே எடுத்து, கணினி படிக்கக்கூடிய தனித் தரவுக் கோப்புகளாக கிட்ஹப்பில் வளர்க்கத் தொடங்கினார்கள். ஆவணத்துக்காகச் சேர்த்த தரவு பிறகு வேறு கருவிகளுக்கும் பயன்பட்டது. உலாவி ஆதரவைக் காட்டும் 'கேன் ஐ யூஸ்' தளம் 2019-இல் அதை இணைத்துக்கொண்டது. விக்கி அட்டவணைக்குள் அடைபட்டுக் கிடந்திருந்தால் இது நடந்திருக்காது.

கவனித்துப் பாருங்கள், விக்கியைக் கைவிடுவது என்று யாரும் முடிவெடுப்பதற்கு முன்பே, தவறினால் அதிகச் சேதம் தரக்கூடியவை ஒவ்வொன்றாக வீட்டைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தன. 2020-இல் நடந்தது கடைசிப் பெட்டியை வண்டியில் ஏற்றிய வேலைதான்.

ஒரு விபத்தையும் சொல்லவேண்டும். 2014 ஆகஸ்ட் 1 அன்று மோசில்லா தானே முன்வந்து அறிவித்தது. தளத்தின் தரவுத்தளப் பிரதியிலிருந்து தனிப்பட்ட விவரங்களை அகற்றும் செயல்முறை ஒரு மாதமாகச் சரியாக ஓடவில்லை. அதனால் சுமார் 76,000 பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளும், சுமார் 4,000 பேரின் மறையாக்கம் செய்த கடவுச்சொற்களும் பொதுவில் எட்டக்கூடிய சர்வரில் கிடந்தன. விக்கி என்றால் பக்கங்கள் மட்டும் இல்லை. எழுதும் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு, ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு ரகசியம். ஆவணக் குழு தன்னையறியாமல் பல்லாயிரம் பேரின் பெட்டகக் காவலனும் ஆகிவிடுகிறது. விக்கிக்குச் செலவுக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த வரியைச் சேர்த்து நான் பார்த்ததில்லை.

பொத்தான் போன நாள்

2017 அக்டோபரில் பெரிய ஆதரவு வந்தது. மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் வைத்திருந்த 7,700-க்கும் மேற்பட்ட வலை ஆவணப் பக்கங்களை எம்டிஎன்னுக்குத் திருப்பிவிடுவதாக அறிவித்தது. கூகுள், மைக்ரோசாஃப்ட், சாம்சங், டபிள்யூ3சி ஆகியோர் ஆலோசனைக் குழுவில் அமர்ந்தார்கள். வெப் பிளாட்ஃபார்ம் ஒன்பது பேரைக் கூட்டிச் சாதிக்க முடியாததை, ஒருவர் பத்தாண்டு நடத்திக் காட்டிய பின் மற்றவர்கள் அந்த வீட்டுக்கு வந்ததன் மூலம் சாதித்தார்கள்.

2020 ஆகஸ்டில் மோசில்லா சுமார் 250 பேரை வேலையிலிருந்து நீக்கியது. எம்டிஎன்னில் எழுதிக்கொண்டிருந்தவர்களில் பலர் அதில் போனார்கள். கட்டை போடுபவர்கள் குறைந்துவிட்ட தேர். அந்த நிலையில், ஏற்கனவே தயாராகிக்கொண்டிருந்த யாரி என்ற புதிய தளம் 2020 டிசம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. பக்கங்கள் தரவுத்தளத்திலிருந்து கோப்புகளாகி கிட்ஹப்புக்குப் போயின. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆங்கிலப் பக்கங்கள். ஒரு சொல்லைத் திருத்தவேண்டுமானாலும் 'புல் ரிக்வெஸ்ட்' அனுப்பவேண்டும். அதாவது, இதோ என் மாற்றம், பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விண்ணப்பம். இன்னொருவர் வரிவரியாகப் பார்த்து ஒப்புதல் தந்தால்தான் ஏறும். பக்கத்துக்குள்ளேயே எழுதிச் சேமித்த பழைய வழி அன்றோடு முடிந்தது.

சொன்ன காரணங்கள் நேர்மையானவை. விக்கியில் எழுதியது உடனே வெளியாகிவிடும். சரிபார்ப்பு எப்போதும் பிறகுதான். ஒரே பிழை ஐந்நூறு பக்கங்களில் இருந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தவேண்டும். கோப்புகளாக இருந்தால் ஒரே வீச்சில் மாற்றலாம். சொந்தமாக ஒரு விக்கி மென்பொருளைப் பராமரிப்பது பெருஞ்சுமை.

2021 ஜனவரியில் ஓப்பன் வெப் டாக்ஸ் என்ற அமைப்பு உருவாகி, கூகுள், மைக்ரோசாஃப்ட், இகாலியா, காயில் ஆகிய நிறுவனங்களின் ஆதரவோடு எழுத்தாளர்களுக்குச் சம்பளம் கொடுத்து எம்டிஎன்னில் எழுதவைத்தது. இங்கே பழைய உரிமம் கைகொடுத்தது. உள்ளடக்கம் மோசில்லாவின் தனிச்சொத்தாக இருந்திருந்தால், போட்டியாளர்கள் அதற்குப் படியளந்திருக்க மாட்டார்கள்.

அடிபட்டது மொழிபெயர்ப்பு. ஆங்கிலம் அல்லாத பக்கங்கள் முதலில் உறைநிலைக்குப் போயின. பிறகு பிரெஞ்சு, ஜப்பானியம், சீனம், கொரியம், ரஷ்யம், ஸ்பானியம், பிரேசில் போர்த்துகீசியம் என்று தன்னார்வக் குழு பொறுப்பேற்ற மொழிகள் திறக்கப்பட்டன. பொறுப்பேற்க ஆள் இல்லாத மொழிகள் நீக்கப்பட்டன. ஆங்கில மூலம் மூன்று முறை மாறிய பின்னும் பழையதைச் சொல்லிக்கொண்டிருக்கும் மொழிபெயர்ப்பு வாசகருக்குத் தீங்கு என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். ஏற்றுக்கொண்டும் வருத்தம் போகவில்லை. விக்கிப் பொத்தானை அழுத்தத் தெரிந்த மாணவருக்கு கிட்ஹப்பும் விண்ணப்பமும் ஒரு படிக்கட்டு அதிகம். சிறிய மொழிகளுக்கு முதலில் வருவது அந்த மாணவர்தான்.

2023-இல் ஒரு சோதனை வந்தது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எடுத்துக்காட்டு நிரலை விளக்கும் 'ஏஐ எக்ஸ்பிளெய்ன்' என்ற பொத்தானைப் பக்கங்களில் சேர்த்தார்கள். அது தவறான விளக்கங்களைத் தன்னம்பிக்கையோடு சொன்னது. ஒரு நிரலாளர் கிட்ஹப்பில் அதைப் புகாராகப் பதிவு செய்தார். அதன் கீழே எடுத்துக்காட்டுகள் குவிந்தன, சமூக ஊடகங்களில் பரவியது, சில நாட்களில் அந்தப் பொத்தான் நிறுத்தப்பட்டது. மனிதர் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் இரண்டாவது ஆளின் ஒப்புதல் கேட்கும் தளத்தில், இயந்திரம் எழுதியது யாருடைய ஒப்புதலும் இல்லாமல் வாசகர் முன் போய் நின்றது. அங்கே எழுதிவந்தவர்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை.

இன்று எம்டிஎன் பக்கங்களின் அடியில் இரண்டு இணைப்புகள் இருக்கின்றன. ஒன்று கிட்ஹப்பில் அந்தப் பக்கத்தின் கோப்பைக் காட்டும். மற்றொன்று பிழையைத் தெரிவிக்க. விக்கிக் காலத்தில் இரண்டு நிமிடத்தில் திருத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனவன் நான். புதிய முறை வந்த பிறகு ஒரு பக்கத்தில் ஒரு சொல் விட்டுப்போயிருந்ததைப் பார்த்தேன். கோப்பைத் திறந்து அதைச் சேர்த்தேன். கை சும்மா இருக்குமா? அடுத்த வாக்கியமும் கொஞ்சம் சுற்றிவளைத்து இருப்பதாகத் தோன்ற, அதையும் செதுக்கி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துச் சரிபார்த்தவரிடமிருந்து குறிப்பு வந்தது. முதல் திருத்தத்துக்கு நன்றி. இரண்டாவதில், அந்தச் செயற்கூறு 'அழைக்கப்படலாம்' என்று இருந்ததை 'அழைக்கப்படும்' என்று பொருள்படும்படி மாற்றியிருக்கிறீர்கள், உலாவிகள் எல்லா நேரத்திலும் அழைப்பதில்லை.

இருபது ஆண்டு அனுபவத்தோடு செதுக்கிய வாக்கியத்தை அழித்துவிட்டு, விட்டுப்போன சொல்லை மட்டும் மறுபடி அனுப்பினேன்.